வேலிடேட்டர் தேர்தல்: டாப்-என் போதுமா, பிராக்மென் வேணுமா? (21 இடம், 400 நாமினேட்டர்)

நூல்கணக்கு (திருப்பூர்)

வணக்கமுங்க. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து ஸ்பின்னிங் மில், நிட்டிங், டையிங் யூனிட்டுகள் சேர்ந்து எந்த நூல் லாட் எங்கிருந்து எங்க போச்சுன்னு பதிய ஒரு பிளாக்செயின் சங்கிலி சோதிக்கிறாங்க. போல்கடாட் சங்கிலியைக் கட்டின அதே மென்பொருள் கட்டமைப்பான சப்ஸ்ட்ரேட்டில் கட்டினது. பதிவைச் சரிபாத்து எழுதற வேலிடேட்டர் இடம் 21, டோக்கனை வெச்சு அவங்களை ஆதரிக்கற நாமினேட்டர் 400 வரைக்கும். டோக்கன் மொத்தம் 21 லட்சம். அவங்கவங்க ஓட்டற சரக்கு அளவுக்குப் பிரிச்சுக் கொடுத்தது. அஞ்சு பெரிய மில்லுங்க கையில 11 லட்சம். நடுத்தர யூனிட்டுங்க கையில 7 லட்சம். மீதி 3 லட்சம் 60 சின்ன யூனிட்டுங்ககிட்ட, ஆளுக்கு 5,000.

சின்ன யூனிட்டுங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு: 21ல் ரெண்டு மூணு இடமாவது எங்களுக்கு வரணும். காஸ்மாஸ் சங்கிலி மாதிரி அதிக ஸ்டேக் (பிணையா வெச்ச டோக்கன்) உள்ள முதல் 21 பேரை (டாப்-என்) எடுத்தாப் போதுமா, ஈ.ஓ.எஸ். மாதிரி ஓட்டா, இல்ல போல்கடாட்டின் பிராக்மென் தேர்தல் முறையா? கணக்கைச் சங்கிலி மேலேயே போடலாமா?

ஆழியாறு (பொள்ளாச்சி)

முறையை அப்புறம் பேசலாங்க. ஜெயிச்சு உள்ள வந்ததுக்கப்புறம் ஒரு வேலிடேட்டருக்கு எவ்வளவு பலம்? அதுக்குப் பதில் தெரியாம எந்த முறையையும் எடுக்க முடியாது.

காஸ்மாஸில் ஓட்டுப் பலம் அவர்மேல் டெலிகேட் ஆன (அவரை நம்பி ஒப்படைச்ச) ஸ்டேக் அளவுக்கே. ஒருத்தர்கிட்ட 10 விழுக்காடு குவிஞ்சா அவர் பலமும் 10 விழுக்காடு. பிளாக் (பதிவுக் கட்டு) முன்மொழியற முறையும் அதே விகிதத்துல வரும். கடைசி இடத்துக்காரர்கிட்ட கொஞ்சம் ஸ்டேக் இருந்தாலும் அவரால பெருசா ஒண்ணும் கெடுக்க முடியாது. அதனால அங்க வரிசைப்படுத்தி மேல இருந்து வெட்டினாப் போதும்.

போல்கடாட்டில் உள்ள வந்த எல்லாருக்கும் சம பலம். பிளாக் எழுதற வாய்ப்பும் சமம், பிளாக்கை இறுதிப்படுத்தற கிராண்ட்பாவில் ஓட்டும் ஆளுக்கு ஒண்ணு. அப்ப தாக்கறவனுக்கு ஆகற செலவை முடிவு பண்றது, உள்ள இருக்கறவங்களிலேயே ஆகக் குறைஞ்ச ஆதரவு யாருக்குன்னு பாத்து, அந்தத் தொகைதான். அந்தக் குறைந்தபட்சத்தை எவ்வளவு மேல தூக்க முடியுமோ தூக்கணும்னுதான் அங்க பிராக்மென் வந்துச்சு. உங்க சங்கிலி பேப் (பிளாக் எழுதற நெறி), கிராண்ட்பா அப்படியே எடுத்திருந்தா சம பலந்தான். நீங்க போல்கடாட் பக்கம்.

மஞ்சமண்டி (ஈரோடு)

ஈ.ஓ.எஸ். முறையை இந்த டோக்கன் பங்கீட்டுல வெச்சா நேரா குழிதான். 2018ல் ஆரம்பிச்ச அந்தச் சங்கிலியில 21 பிளாக் தயாரிப்பாளர். ஒரு கணக்கு 30 பேருக்கு வரைக்கும் ஓட்டுப் போடலாம். முக்கியமா, 30 பேருக்குப் போட்டாலும் ஒவ்வொருத்தருக்கும் முழு எடையும் போய்ச் சேரும், பங்கு பிரியாது.

அஞ்சு மில்லும் பேசி வெச்சு ஒரே 21 பேருக்குப் போட்டா, அந்த 21 பேருக்கும் தலைக்கு 11 லட்சம். மத்தவங்க அத்தனை பேரும் ஒண்ணா நின்னாலும் 10 லட்சந்தான். 21 இடமும் மில்லுக்கே. 52 விழுக்காடு வெச்சுக்கிட்டு 100 விழுக்காடு இடம்.

காஸ்மாஸ் மாதிரியில இந்த ஆபத்துக் கொறவு, ஏன்னா அங்க ஸ்டேக்கைப் பிரிச்சுத்தான் கொடுக்கணும். ஆனா சின்ன யூனிட்டுங்க 3 லட்சத்தை மூணு பேருக்குச் சரியா லட்சம் லட்சமா அவங்களே பங்கு போடணும். ஒருத்தருக்கு 2 லட்சம் குவிஞ்சு மத்தவங்களுக்கு 50,000 போனா ரெண்டு இடம் கையை விட்டுப் போயிரும். அந்தப் பங்கு போடற வேலையை பிராக்மென் தானே செஞ்சுக்கும்.

சிறுவாணி (கோவை)

பிராக்மென்னை எண்ணுல போட்டுப் பாத்தாத்தான் பிடிபடும். எட்வர்ட் பிராக்மென் ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர், 1890களில் நாடாளுமன்றத் தேர்தலுக்காக யோசிச்சது இது. கருத்து இவ்வளவுதான்: ஜெயிக்கற ஒவ்வொருத்தரும் 1 அலகு சுமை. அவரை ஆதரிச்சவங்க அதைச் சுமக்கணும். சுமை ஒரே பக்கம் ஏறாம அடுத்தவரைத் தேர்ந்தெடு.

இடம் 2. வேட்பாளர் அவிநாசி, பவானி, சென்னிமலை. பெரிய மில்லுக்கு ஸ்டேக் 60, நாமினேட் பண்றது அவிநாசி, பவானி. தறிக்காரருக்கு 30, சென்னிமலை மட்டும். சாயப்பட்டறைக்கு 10, பவானி, சென்னிமலை.

வெறும் கூட்டல்ல பவானி 70, அவிநாசி 60, சென்னிமலை 40. முதல் ரெண்டு பேரை எடுத்தா பவானியும் அவிநாசியும். தறிக்காரரோட 30 வீண்.

பிராக்மென்ல முதல் சுற்று: 1 ஐ மொத்த ஆதரவால வகுக்கணும். பவானி 1/70 = 0.0143, அவிநாசி 1/60 = 0.0167, சென்னிமலை 1/40 = 0.025. சின்ன எண் ஜெயிக்கும்: பவானி. இப்ப மில் மேலயும் சாயப்பட்டறை மேலயும் 1/70 சுமை ஏறிருச்சு.

ரெண்டாவது சுற்று: 1 கூட, ஆதரவாளர் ஒவ்வொருத்தரோட ஸ்டேக்கையும் அவர் சுமையால பெருக்கிக் கூட்டி, பழையபடி மொத்த ஆதரவால வகுக்கணும். அவிநாசி (1 + 60/70) ÷ 60 = 0.0310. சென்னிமலை (1 + 10/70) ÷ 40 = 0.0286. சென்னிமலை உள்ள.

ஸ்டேக் பிரியறது எப்படின்னா, சாயப்பட்டறையோட சுமை பவானிக்கும் சென்னிமலைக்கும் சரிபாதி, அதனால 5, 5. பவானி 65, சென்னிமலை 35. இதுக்கப்புறம் பேலன்சிங்னு ஒரு சுற்று உண்டு. சாயப்பட்டறையோட 10 முழுசும் சென்னிமலைக்கு நகரும். பவானி 60, சென்னிமலை 40. குறைந்தபட்சம் 35லிருந்து 40 ஆச்சு.

கூட்டல் முறையோட விடையை எவ்வளவு பேலன்ஸ் பண்ணினாலும் பவானி 35, அவிநாசி 35. அதுக்கு மேல ஏறாது.

கரூர்தறி

ஒரு சந்தேகமுங்க. அவிநாசியும் சென்னிமலையும் ஜெயிச்சதா வெச்சுக்கங்க. மில் 60 அவிநாசிக்கு, 30 + 10 சென்னிமலைக்கு. அதுவும் 60, 40 தானே? அதிக ஆதரவு இருக்கற பவானியை வெளிய தள்ளிட்டு அதே மதிப்பெண் வாங்க முடியுதே.

சிறுவாணி (கோவை)

சரியாப் பிடிச்சீங்க. சங்கிலி மேல ஒரு விடையோட மதிப்பெண் மூணு எண்: உள்ள வந்தவங்களிலேயே குறைஞ்ச ஆதரவு, மொத்த ஆதரவு, ஆதரவுகளோட வர்க்கக் கூட்டுத்தொகை. முதல் ரெண்டும் கூடணும், மூணாவது கொறையணும். முதல் எண் சமமானாத்தான் அடுத்ததைப் பாக்கும். பவானி–சென்னிமலை: 40, 100, 3,600 + 1,600 = 5,200. அவிநாசி–சென்னிமலை: அதே 40, 100, 5,200.

மதிப்பெண் அளக்கறது பாதுகாப்பை. யாருக்கு மக்கள் ஆதரவு அதிகம்னு அது பாக்கறதில்ல. வெளியிலிருந்து விடை வாங்கற அமைப்புல அவிநாசி விடை முன்னால வந்துட்டா, சமமான பவானி விடை அதைத் தள்ளாது. புதுசா வர்றது நிச்சயமா மேலானதா இருக்கணும். ஆனா இங்க யாருக்கும் பிரதிநிதி இல்லாமப் போகல. மில்லுக்கு அவிநாசி இருக்கு, சாயப்பட்டறைக்குச் சென்னிமலை இருக்கு. சாயப்பட்டறைக்கு ரெண்டு பேர் கிடைக்க வேண்டியதுல ஒருத்தர் கொறஞ்சார், அவ்வளவுதான்.

நிஜமாவே ஒரு கூட்டத்தை ஒதுக்கற விடை வந்தாலும் மதிப்பெண் மட்டும் பாத்தா தப்பிச்சிரலாம். இதுக்காகத்தான் செவாலோஸும் ஸ்டூவர்ட்டும் 2020ல் பிராக்எம்எம்எஸ்னு ஒரு முறை எழுதினாங்க: குறைந்தபட்ச ஆதரவு உச்ச விடையிலிருந்து 3.15 மடங்குக்கு மேல கொறையாது, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவமும் இருக்குன்னு வேகமாச் சரிபாக்கவும் முடியும். குறைந்தபட்ச ஆதரவோட உச்ச விடையையே துல்லியமாக் கண்டுபிடிக்கறது என்.பி.-கடினம் (பெரிய அளவுல வேகமாச் செய்ய வழி தெரியாதது), அந்த ஆசை வேண்டாம்.

உங்க அளவுக்கு வெளிவிடை வாங்காம சங்கிலியே கணக்குப் போட்டா இந்தச் சிக்கலே வராது.

மஞ்சமண்டி (ஈரோடு)

மூலக் கேள்விக்கு வாங்க. சின்ன யூனிட்டுங்களுக்கு இடம் எப்படி வரும்?

கட்சி மாதிரி தனித்தனிக் கூட்டமாப் பிரிஞ்சு ஓட்டுப் போட்டா, தொடர் பிராக்மென் (மேல பாத்த மாதிரி ஒவ்வொருத்தரா எடுக்கறது) விடை, ஓட்டை 1, 2, 3ன்னு வகுத்து இடம் பிரிக்கற டோண்ட் முறையோட விடையாவே இருக்கும். 60 பேரும் ஒரே மூணு வேட்பாளரை நாமினேட் பண்ணினா 11 லட்சம் : 7 லட்சம் : 3 லட்சம், அதாவது 11 : 7 : 3 இடம். 60 பேரும் அவங்கவங்க சொந்த நோடை (வேலிடேட்டரா ஓட்டற கணினியை) மட்டும் நாமினேட் பண்ணினா தலைக்கு 5,000; ஒரு இடமும் வராது, 13 : 8 ன்னு மத்தவங்க பிரிச்சுக்குவாங்க. முறை எவ்வளவு நியாயமா இருந்தாலும் பொதுவான வேட்பாளர் இல்லாத கூட்டத்தை அதால காப்பாத்த முடியாது.

இன்னொரு நெளிவு. சப்ஸ்ட்ரேட் ஸ்டேக்கிங்கில வேலிடேட்டரா நிக்கற கணக்கோட ஸ்டேக் அவருக்கே போடற ஓட்டு. அந்தக் கணக்கு அடுத்தவங்களை நாமினேட் பண்ண முடியாது. அதனால மூணு வேட்பாளரும் ரெண்டு கணக்கு வெச்சுக்கணும்: வேலிடேட்டர் கணக்குல 500, மீதி 4,500 வேற கணக்குல இருந்து மூணு பேருக்கும் நாமினேஷன். அப்ப பொது ஆதரவு 57 × 5,000 + 3 × 4,500 = 2,98,500. ஒரு இடத்துக்கான அளவு (21 லட்சம் ÷ 21) 1 லட்சம்ங்கறதால உறுதியா வர்றது 2 இடம். மூணாவதுக்குப் போட்டி: 2,98,500 ஐ 3ஆல வகுத்தா 99,500. மில்லுங்களோட 12வது ஆளுக்கு 11 லட்சம் ÷ 12 = 91,667, நடுத்தரக்காரங்களோட 8வது ஆளுக்கு 87,500. மூணாவது இடமும் வந்துரும், ஆனா இடைவெளி கொஞ்சந்தான். அஞ்சாறு யூனிட் ஓட்டுப் போட மறந்தாப் போச்சு.

கரூர்தறி

16 நாமினேஷன் வரைக்கும் போடலாம், முழுசும் போடுங்கன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்களே? பெரிய மில் நோடையும் சேத்துப் போட்டா ஒண்ணும் நஷ்டமில்லையே.

மஞ்சமண்டி (ஈரோடு)

நஷ்டமிருக்குங்க. எப்படியும் ஜெயிக்கப்போற மில் நோடை நீங்களும் நாமினேட் பண்ணினா, அது ஜெயிக்கறப்ப உங்க தலையிலயும் சுமை ஏறும். அப்புறம் உங்க சொந்த வேட்பாளருக்குப் போடறப்ப நீங்க பாதி களைச்சுப் போன ஆளு. 16 போடுன்னு சொல்றது, தன்னோட ஸ்டேக் எராவுக்கு எரா (ஒரு தேர்தல்ல வந்த குழு வேலை செய்யற காலம்) சும்மா கிடக்காம வருமானம் வரணும்னு நினைக்கறவங்களுக்கு. இடம் வேணும்னு நினைக்கற சின்னக் கூட்டத்துக்கு அது எதிர்வேலை. மூணே மூணு, மாற்றா வேணா நாலாவது ஒண்ணு.

ஆழியாறு (பொள்ளாச்சி)

ஒத்துக்கறேன். ஆனா மூணுல ஒரு நோடு படுத்துட்டா அந்த எராவுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நாலாவதும் சின்ன யூனிட் ஆளாவே இருக்கட்டும்.

பேரூர்க்காரன்

எதுக்குங்க இவ்வளவு பாடு? கார்டானோ மாதிரி சீட்டுக் குலுக்கினாப் போகுது. தேர்தலே வேண்டாம்.

சிறுவாணி (கோவை)

குலுக்கலுக்கு ஒரு பெரிய அழகு உண்டுங்ணா, மறுக்கல. கார்டானோவோட ஊரோபோரோஸ் பிரேயோஸ் நெறியில ஒரு ஸ்லாட்டில் (ஒரு நொடி) தலைமை கிடைக்கற வாய்ப்பு: 1 கழித்தல் (0.95 இன் அடுக்கு ஸ்டேக் பங்கு). 1 விழுக்காடு ஸ்டேக்குக்கு 0.000513, அஞ்சு நாள் எபோக்ல 4,32,000 ஸ்லாட்டுக்கு ஏறக்குறைய 221 தடவை. அந்த 1 விழுக்காட்டை ரெண்டு பூலாப் பிரிச்சு வெச்சாலும், ரெண்டுல ஒண்ணுக்காவது கிடைக்கற வாய்ப்பு அச்சா அதேதான், ஏன்னா அடுக்குங்க கூடிக்கும். பிரிச்சு ஏமாத்தறதுல லாபமில்ல. யாருக்கு முறைங்கறது அவரோட வி.ஆர்.எஃப். (குலுக்கல் எண்ணைத் தர்ற) ரகசியச் சாவிக்கு மட்டுந்தான் முன்னாடி தெரியும். குறிவெச்சு நோடைச் சாய்க்கவும் முடியாது.

எத்தீரியத்திலயும் தேர்தல் கிடையாது. 32 ஈதர் வெச்சவர் எவரும் உள்ள வரலாம், வேலிடேட்டருங்க சேர்ந்து உருவாக்கற ராண்டாவ்ங்கற சீரற்ற எண் விதையை வெச்சுக் கலக்கி 12 நொடிக்கு ஒரு முன்மொழிபவரை எடுப்பாங்க. எபோக்கோட கடைசி ஸ்லாட்டுக்காரர் அந்த விதைக்குத் தன்னோட பங்கைக் கொடுக்காம விட்டா ரெண்டு விதையில தனக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம், ஆனா அவர் பிளாக்கை இழக்கணும்.

உங்களுக்கு ஏன் ஒத்துவராதுன்னா, கிராண்ட்பா மாதிரி இறுதிப்படுத்தற அடுக்குக்குப் பேர் தெரிஞ்ச, எண்ணிக்கை தெரிஞ்ச குழு வேணும். 21ல் 15 கையெழுத்து வந்தாத்தான் இறுதி. குலுக்கல்ல பிளாக் எழுதறவர் வர்றாரு. குழுவை யார் நிறுத்தறதுங்கற கேள்வி அப்படியே நிக்கும்.

நொய்யல்

கணக்கை எங்க ஓட்டறதுன்னு யாரும் தொடல, உண்மையில கழுத்தறுக்கற இடம் அதுதான்.

தொடர் பிராக்மென்னோட செலவு, இடம் × நாமினேஷன் கோடுகள். உங்களுக்கு 21 × 400 × 16 = 1,34,400 படி. ஒண்ணுமில்ல, தாராளமாச் சங்கிலி மேல ஓடும். போல்கடாட்டில் 297 இடமும் 22,500 நாமினேட்டரும் இருந்த காலத்துல அதே பெருக்கல் 10 கோடிக்கு மேல. அதனால அங்க ஸ்னாப்ஷாட் (வாக்காளர், வேட்பாளர் பட்டியலோட நகல்) எடுத்து வெச்சு, வெளிய கணக்குப் போட்டு, விடையை மட்டும் சங்கிலி சரிபாத்துச்சு. முதல்ல கையெழுத்துக் கட்டம், வைப்புத்தொகை கட்டி யாரும் விடை கொடுக்கலாம், தப்பா இருந்தா வைப்பு போயிரும். அப்புறம் கையெழுத்தில்லாக் கட்டம், வேலிடேட்டரோட ஆஃப்செயின் வொர்க்கர் (சங்கிலிக்கு வெளிய ஓடற நிரல்) மட்டும்னு இருந்துச்சு. ரெண்டுலயும் ஒண்ணும் வரலன்னா பின்வழி: சங்கிலியே கணக்குப் போடணும்.

பின்வழியையே நம்பினா என்ன ஆகும்னு 2021 மே 24ல் பாத்தோம். 52,02,216ஆம் பிளாக்கில் வெளிவிடை இல்லாம சங்கிலியே தேர்தலைக் கணக்குப் போடப் போக, அத்தனை நாமினேட்டருக்கு வாஸ்மில் (சங்கிலியோட நிரல் ஓடற சூழல்) ஒதுக்கின நினைவகம் பத்தாம நோடுங்க விழுந்துச்சு. வாஸ்மில் எந்த நோடு அந்த பிளாக்கை ஓட்டினாலும் அதே கணக்கு, அதே இடத்துல விழுகும். திரும்பத் துவக்கினா தீராது. பிளாக்கோட ஆரம்பத்துல கட்டாயம் ஓடற கணக்குக்கு, எடை (கணக்குப் பளு) அதிகம்னு மறுக்கற வழியும் கிடையாது.

அதனால சங்கிலி மேல ஓட்டறவங்க ஸ்னாப்ஷாட்டுக்கு வரம்பு கட்டாயம் போடணும். இங்கதான் உங்க சின்ன யூனிட்டுங்களுக்கு அடுத்த ஆப்பு: வாக்காளர் பட்டியல் பேக்ஸ்-லிஸ்ட்டா (ஸ்டேக் அளவுவாரியாப் பைகளில் அடுக்கினது) இருந்தா ஸ்டேக் வரிசைப்படி மேல இருந்து எடுக்கும். வரம்பு 350ன்னு வெச்சு 400 பேர் இருந்தா வெட்டுப்படற 50 பேரும் 5,000 வெச்சவங்களாவே இருப்பாங்க. வெளிவிடை முறையிலயும் அப்படித்தான், விடை பிளாக்கில் அடங்காதப்ப விடையைக் கணக்குப் போடற மைனர் நிரல் சின்ன ஸ்டேக்கிலிருந்து நறுக்கும். வாக்காளர் வரம்பு 600, வேட்பாளர் வரம்பு 60ன்னு வையுங்க. குறைந்தபட்ச நாமினேட்டர் பிணை 4,500க்கும் கீழ இருக்கட்டும், இல்லாட்டி ஒரே ஒரு ஸ்லாஷில் (தண்டனையாப் பிணையை வெட்டறது) ஆளுங்க ஓட்டுரிமை போயிரும். வேலிடேட்டர் பிணையும் 500க்குள்ள.

நூல்கணக்கு (திருப்பூர்)

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. அப்ப சங்கிலி மேல தொடர் பிராக்மென், கூட பேலன்சிங். பேலன்சிங் எத்தனை சுற்று? இன்னொண்ணு, எரா எவ்வளவு நீளம்?

நொய்யல்

பத்துச் சுற்றுக்குள்ள முடியட்டும், மாற்றம் ஒரு அளவுக்குக் கீழ போனா முன்னாலயே நிறுத்திக்கும் சகிப்பு எல்லையும் கொடுக்கலாம். தசமக் கணக்கை யாராவது ஃப்ளோட்ல (மிதவைப் புள்ளி எண்ணுல) எழுதப் பாத்தா விடாதீங்க; ரன்டைம்ல விகித எண் மட்டும். ஒரு மெஷின்ல கடைசி இலக்கம் மாறினாலும் ஸ்டேட் ரூட் (சங்கிலி நிலையோட கைரேகை) மாறி நோடு பிரிஞ்சிரும்.

எரா ஆறு மணி நேரம் போதும், போல்கடாட்டோட சகோதரச் சங்கிலியான குசாமாவுலயும் அதான். பிணை விடுவிக்கற காலத்தை மட்டும் சுருக்காதீங்க. தொடக்கத்துல குசாமாவில் 7 நாள், காஸ்மாஸில் 21, போல்கடாட்டுக்கு 28 நாள்னு வெச்சது, தப்புப் பண்ணினவன் ஸ்லாஷ் விழறதுக்குள்ள ஸ்டேக்கை எடுத்துட்டு ஓடக்கூடாதுன்னு.

ஆழியாறு (பொள்ளாச்சி)

எனக்கு ஒரு கேள்வி மிச்சம். இந்த டோக்கனுக்குச் சந்தை விலை இல்ல. ஸ்லாஷ் பண்ணினா யாருக்கு வலிக்கும்? 21 பேர் பட்டியலைக் கூடிப் பேசி எழுதி, ப்ரூஃப் ஆஃப் அத்தாரிட்டியா ஓட்டினா இவ்வளவு கோடும் வேண்டாமே.

மஞ்சமண்டி (ஈரோடு)

கூடிப் பேசறதுலதான் சின்ன யூனிட்டுங்களுக்கு இடம் வரலைங்களே, அதானே தொடக்கமே. ஸ்லாஷ் வலி பத்திச் சொன்னது சரி. ஸ்டேக்கை இங்க பணமாப் பாக்காம ஓட்டுச் சீட்டு எடையா மட்டும் பாத்தா பிராக்மென்னுக்கு வேலை இருக்கு. தண்டனையை டோக்கன்ல வைக்காம, அடுத்த சில எராவுக்கு வேட்பாளரா நிக்கத் தடைன்னு வெச்சாக் கொஞ்சம் உறைக்கும்.

நொய்யல்

கடைசியா ஒண்ணு. எந்தத் தேர்தல் முறைக்கும் ஊர் தெரியாது. 21 நோடுல 7 நோடு ஒரே சிட்கோ எஸ்டேட்டில், ஒரே ஃபீடரில் இருந்தா, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்னிக்கு மீதி 14. கிராண்ட்பாவுக்கு 15 வேணும். பிளாக் வந்துட்டே இருக்கும், இறுதியாகாது, யாருக்கும் உடனே தெரியாது. முகப்புல பிளாக் எண்ணையும் இறுதியான எண்ணையும் பக்கத்துப் பக்கத்துல காட்டி, ரெண்டுக்கும் இடைவெளி 20 தாண்டினா அலாரம் அடிக்க வையுங்க. சோதனை ஓட்டத்துல ஏழு நோடை ஒண்ணா அணைச்சுப் பாத்துட்டு அப்புறம் நிஜ லாட் நம்பரை ஏத்துங்க.

நூல்கணக்கு (திருப்பூர்)

ஆறு நோடு ஒரே எஸ்டேட்டில் இருக்கு. ஏழாவதும் அங்கதான் வைக்கறதா இருந்தாங்க, பல்லடத்துக்கு மாத்தச் சொல்லிடறேன்.